ராகிங்கில் கையை உடைத்தவர் ஓட்டுக் கேட்டு வந்தால்

இடையில் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் ஒரு தொகுதி. அங்கே நிற்கிற வேட்பாளருக்கு இப்போது ஐம்பது வயது. 1995 வாக்கில், கல்லூரி விடுதியில், முதலாமாண்டு மாணவன் ஒருவனை ராத்திரி எழுப்பி வரிசையில் நிற்க வைத்து, சொன்னதைச் செய்யவில்லை என்று மாடிப்படியில் தள்ளிக் கையை முறித்தார் என்று கூடப் படித்த ஒருவர் தன் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறார். கட்சிக்காரர்கள், "அப்ப அண்ணன் சின்னப் பையன், வயசுக் கோளாறு, அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு" என்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தையதை வைத்து ஒருவரை எடை போடுவது நியாயமா, எதிரில் நிற்பவர் மேல் நில அபகரிப்பு வழக்கு இருக்கிறதே, பேசாமல் நோட்டாவில் குத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று கிரிமினல் கோர்ட்டுகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் என்ற முறையில் என் பதில் இது: தாராளமாக எடை போடுங்கள். ஆனால் தராசில் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனை ஏற்றிப் பிரயோஜனம் இல்லை, அவன் இப்போது இல்லை. அந்தச் சம்பவத்தை இன்றைக்கு இந்த ஐம்பது வயதுக்காரர் என்ன செய்கிறார், அதில் அடிபட்டவரை எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறார், அதைத்தான் ஏற்ற வேண்டும். அது முப்பது வருடப் பழசு இல்லை, இந்த வாரத்து நடத்தை.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், பாதிப் பேர் குழம்புவது அங்கேதான். தேர்தலில் நிற்கும் தகுதி போவதற்குத் தண்டனை விழ வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நாளிலிருந்தே தகுதி இழப்பு, விடுதலையான பிறகும் ஆறு வருடம் நிற்க முடியாது. லஞ்சம், பாலியல் வன்கொடுமை, தீண்டாமை மாதிரி சில குற்றங்களில் இந்த இரண்டு வருடக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. முன்பு பதவியில் இருப்பவர் ஒரு அப்பீலைப் போட்டுவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. வழக்கு வெறுமனே நிலுவையில் இருந்தால் தடையே இல்லை. 2024இல் ஜெயித்த 543 மக்களவை உறுப்பினர்களில் 251 பேர் தங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கணக்கெடுத்துச் சொன்னது. ஆக, சட்டம் ஒருவரை நிற்க விடுகிறது என்பதை நல்லவர் சர்டிபிகேட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே செய்தது என்றால் கதை வேறு. 2015ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டம், 24ஆவது பிரிவு, அந்த வயதில் செய்த குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது என்கிறது (16 முடிந்து கொடுங்குற்றம் செய்து, பெரியவராகவே பாவித்து விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது). பழைய பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க விட வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம். பதினைந்து வயதில் சைக்கிள் திருடிய ஒருவர் கவுன்சிலருக்கு நின்றால் அந்தத் திருட்டை நான் வாயெடுத்துப் பேச மாட்டேன், பேசுகிறவரையும் நம்ப மாட்டேன்.

உங்கள் வேட்பாளருக்கு அப்போது பத்தொன்பது. ஓட்டுப் போடும் வயதை 21இலிருந்து 18ஆக இறக்கியது 1989இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதனால் அந்த "சின்னப் பையன்" கையில் ஓட்டு இருந்தது. எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு விவரம் உள்ள ஆளுக்கு, படிக்கட்டில் தள்ளினால் எலும்பு முறியும் என்று தெரியாது என்பதை எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

இதில் இன்னொரு விஷயம். எலும்பு முறிவு என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தில் கொடுங்காயம், 325ஆவது பிரிவு, ஏழு வருடம் வரை தண்டனை. மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது, எனவே ஏட்டளவில் அந்த வழக்கு இன்னும் சாகவில்லை. நடைமுறையில் செத்துப் பல வருடமாகிறது, எஃப்.ஐ.ஆர். இல்லை, காயச் சான்று இல்லை, அந்த விடுதியின் வார்டன் எங்கே இருக்கிறாரோ. ஒருவேளை அப்போதே வழக்குப் பதிவாகியிருந்தாலும் 325 கோர்ட் அனுமதியோடு சமாதானமாகப் போகக்கூடிய பிரிவு, அப்படிச் சமாதானமானால் அது விடுதலைக்குச் சமம்.

வேட்புமனுவோடு கொடுக்கிற படிவம் 26ஐப் பற்றி அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "அஃபிடவிட்டைப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை, அப்போது எல்லாம் பொய்" என்று ஒருவர் உங்களிடம் வாதம் பண்ணியிருந்தார். அந்தப் பிரமாணப் பத்திரம் 2002, 2003இல் வந்த இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்தது, பெரிய விஷயம்தான், ஆனால் அதில் நிலுவையில் உள்ள வழக்கும் தண்டனையான வழக்கும்தான் இருக்கும். சமாதானமானது, வாபஸ் ஆனது, விடுதலையானது எதுவும் வராது. பிரின்சிபால் ரூமில் மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்தது வரவே வராது. நாம் பேசிக்கொண்டிருக்கிற ரகமான தப்புகளில் பெரும்பாலானவை அப்படி ரூமுக்குள் முடிந்தவைதான்.

ரூமுக்குள் யாருடைய தப்பு முடியும், யாருடையது ஸ்டேஷன் வரை போகும் என்று கேட்க ஆரம்பித்தால்தான் இந்த "வயசுக் கோளாறு" பேச்சின் லட்சணம் தெரியும். எனக்கு இந்த விவாதத்தில் உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூலையில் அரும்பாக்கம் பக்கம் மாநகரப் பேருந்துக்குள் கல்லூரி மாணவர்கள் பட்டாக்கத்தியோடு ஏறி வெட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், வீடியோ வீடு வீடாகப் போனது. அதன் பிறகு போலீஸ் ஒவ்வொரு பஸ் ரூட்டிலும் யார் "ரூட்டு தல", அதாவது அந்த ரூட் மாணவர்களின் தலைவன், என்று பட்டியல் எடுத்து, கூப்பிட்டு, குற்ற நடைமுறைச் சட்டம் 110இன் கீழ் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியது. கத்தி எடுத்தவனுக்காக நான் பேசவில்லை, அது கொலை முயற்சி. ஆனால் அந்தப் பட்டியலில் பஸ் கூரையில் ஏறித் தாளம் தட்டியதைத் தாண்டி எதுவும் செய்யாத பையன்களும் இருந்தார்கள். வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவேற்காடு, பொன்னேரி என்று தொலைவிலிருந்து வந்து படிக்கிறவர்கள், பல வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் அந்த எல்லைக்குள் என்ன நடந்தாலும் முதலில் தூக்கிவரப்படும் ஆள். அப்படியே ஒன்றிரண்டு வழக்கு சேர்ந்தால் ரவுடிப் பட்டியல், அதில் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று வகுப்பு வேறு. துணை கமிஷனர்கள் இப்படிப் பத்திரம் வாங்கி, மீறினால் சிறையில் அடைக்கிற அதிகாரமே செல்லாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்கிற வரைக்கும் அது பாட்டுக்கு நடந்தது.

கெல்லீஸில் சிறார் நீதிக் குழுமத்துக்கு வெளியே ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். பையனுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அதை இன்னொரு துணிப்பைக்குள் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். வயதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றுதான் முதல் ஆவணம், அது இல்லையென்றால் மாநகராட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது கணிப்பது. என்னிடம் வந்த ஒரு அம்மா, "சார், இவன் இன்னும் பையன்தான்னு கோர்ட்டுல எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார். வேலைக்குப் போகிற வீட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர். தன் மகனை "பையன்" என்று ஒத்துக்கொள்ள வைக்க அந்த அம்மா காகிதத்தோடு அலைகிறார். உங்கள் வேட்பாளரை, தாடி மீசையோடு பத்தொன்பது வயதில் இருந்தவரை, "சின்னப் பையன்" என்று சொல்ல ஒரு மாவட்டச் செயலாளரும் நாலு வெள்ளை வேட்டியும் போதும்.

1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். கொலையானவர் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன். மாநிலமே உலுக்கப்பட்டது, மறு வருடமே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனையானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. உங்கள் வேட்பாளரின் சம்பவம் அதற்கு முன்பு. அன்றைக்கு ராகிங்குக்கு என்று தனிச் சட்டம் இல்லை, விடுதிகளில் அதை ஒரு சடங்கு மாதிரிதான் நடத்தினார்கள், சீனியர் அடிப்பான், ஜூனியர் வாங்கிக்கொள்வான், அடுத்த வருடம் இவன் அடிப்பான். இதை அவருக்குச் சாதகமாக ஒரு புள்ளி போட்டுக் கொடுக்கலாம். கூட்டத்தோடு கூட்டமாகச் செய்த எத்தனையோ பேர் பிற்காலத்தில் நல்ல அப்பாவாக, நல்ல வாத்தியாராக ஆகியிருக்கிறார்கள். சரி, கொடுத்தாகிவிட்டது. அதே காலத்தில் அதே விடுதியில் கை நீட்டாமல் இருந்தவர்களும் இருந்தார்கள், இப்போது பெயர் போட்டு எழுதியிருக்கிறாரே, அவர் மாதிரி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். வாலிபத்தில் போலீஸ் கேஸ் என்றாலே தப்பு என்று ஆகாது. தமிழ்நாட்டில் அப்படிப் பார்த்தால் ஒரு தலைவரும் தேற மாட்டார். 1953இல் கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்துச் சிறைக்குப் போனபோது கருணாநிதிக்கு 29 வயது. 1965இல் இந்தி எதிர்ப்பில் தடியடி வாங்கி உள்ளே போன மாணவர்கள்தான் அடுத்த தேர்தலில் மேடையை நிறைத்தார்கள். 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்து வந்தவர். 2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்த பையன்கள் பெண்கள் மேலும் வழக்குகள் பாய்ந்தன, அதில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுவதாக 2021இல் அரசே அறிவித்தது. அஃபிடவிட்டில் பத்து வழக்கு இருந்தால் பத்தும் சாலை மறியலாக இருக்கலாம். பிரிவு எண்ணைப் பாருங்கள், எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் நின்றதும், ராத்திரி இரண்டு மணிக்குத் தன்னைவிட எளியவனைப் படுக்கையிலிருந்து எழுப்பியதும் ஒரே இளமைத் துடிப்பா என்ன?

வெளிநாட்டில் இந்த விவகாரம் நிறைய நடந்து பழகிவிட்டது. எனக்குப் பாடமாகத் தோன்றுவது மூன்று.

யோஷ்கா ஃபிஷர், ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். 2001 ஜனவரியில் அவருடைய பழைய படங்கள் பத்திரிகையில் வந்தன: 1973, பிராங்க்பர்ட் தெரு, தலையில் ஹெல்மெட்டோடு ஒரு போலீஸ்காரரை அடித்துக்கொண்டிருக்கிறார். மனிதர் அது நான்தான் என்றார், அந்தப் போலீஸ்காரரிடம் மன்னிப்பு கேட்டார், நாடாளுமன்றத்தில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார். எதிர்க்கட்சி ராஜினாமா கேட்டது, கிடைக்கவில்லை. 2005 வரை அமைச்சராகவே இருந்தார்.

மிட் ராம்னி கதை நம்முடைய ராகிங்குக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். 2012இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நின்றபோது வாஷிங்டன் போஸ்ட் எழுதியது: 1965இல், மிச்சிகனில் ஒரு பணக்காரத் தனியார் பள்ளி, ராம்னிக்கு 18 வயது, தலைமுடியை நீளமாக வளர்த்து வெளிறிய பொன்னிறமாக மாற்றியிருந்த ஒரு பையனைக் கூட்டமாகக் கீழே அமுக்கிப் பிடித்து, ராம்னி கத்திரியால் முடியை வெட்டினார். அந்தப் பையன் கத்தி அழுதிருக்கிறான். கூடப் படித்தவர்களே சொன்னார்கள், சிலர் அதை நினைத்து இன்னும் வெட்கப்படுவதாகச் சொன்னார்கள். ராம்னி சொன்னது, அந்தச் சம்பவம் நினைவில்லை, பள்ளியில் சில அசட்டுத்தனங்கள் செய்தேன், யாராவது புண்பட்டிருந்தால் மன்னிப்பு. அப்போது அவர் அப்பா மிச்சிகன் மாநில ஆளுநர், நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர் மாதிரி. பள்ளியில் தண்டனை என்று எதுவும் நடந்ததாகக் கூடப் படித்தவர்கள் யாரும் சொல்லவில்லை. முடி வெட்டப்பட்ட பையன் 2004இலேயே இறந்துவிட்டார், மன்னிப்பு போய்ச் சேர ஆள் இல்லை.

மூன்றாவது ஹூபர்ட் ஐவாங்கர், ஜெர்மனியின் பவேரியா மாநிலத் துணை முதல்வர். 2023 ஆகஸ்டில், தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது, எண்பதுகளின் கடைசியில் பள்ளியில் படிக்கையில் அவர் பையில் யூதப் படுகொலையைக் கேலி செய்யும் துண்டறிக்கைகள் சிக்கின என்று செய்தி வந்தது. வயது 17. எழுதியது நான் இல்லை என்றார், அண்ணன் வந்து நான்தான் எழுதினேன் என்றார், பிறகு ஒரு மன்னிப்பு, கூடவே என்னை ஒழித்துக்கட்டச் சதி நடக்கிறது என்று பிரச்சாரம். அக்டோபரில் அவர் கட்சியின் ஓட்டு ஏறி 15.8 சதவீதம் ஆனது. பழைய தப்பை வெளியே கொண்டுவந்தால் ஆள் காலி என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். "நம்ம ஆளை மாட்டிவிடப் பார்க்கிறான்" என்கிற உணர்ச்சி எல்லா ஊரிலும் ஓட்டாக மாறும்.

இந்த மூன்றையும் வரிசையில் வைத்தால், செயலின் கொடுமையில் ஃபிஷர்தான் மோசம், அடித்தது சீருடையில் இருந்த மனிதரை, பள்ளிப் பையனாகவும் இல்லை. ஆனாலும் நான் அவருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஒத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். "யாராவது புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்கிற மன்னிப்பு நம் ஊரிலும் ஏகத்துக்குப் புழங்குகிறது. அந்த "யாராவது"க்கு ஒரு பெயர் உண்டு, வீடு உண்டு, மழைக்காலத்தில் வலிக்கிற ஒரு மணிக்கட்டு உண்டு.

ஆகவே உங்கள் வேட்பாளர் விஷயத்தில் நான் மூன்று வாரத்துக் கதையைத்தான் பார்ப்பேன், முப்பது வருடத்துக் கதையை இல்லை. எழுதியவருக்கு என்ன நடந்தது? வக்கீல் நோட்டீஸ் போயிற்றா? வீட்டு வாசலில் நாலு பைக் வந்து நின்றதா? "காசு வாங்கிக்கிட்டு எழுதுறான்" என்று ஐ.டி. விங் கிளம்பிற்றா? கை முறிந்தவரைத் தேடிப் போனது வேட்பாளரா, வேட்பாளரின் ஆட்களா? அதிகாரம் வந்த பிறகு புகார் சொல்கிறவரை இவர் எப்படி நடத்துவார் என்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை உங்களுக்குக் கிடைக்காது. நாளைக்குக் குடிநீரில் சாக்கடை கலக்கிறது என்று நீங்கள் படம் போட்டாலும் இதே ஆட்கள்தான் வருவார்கள்.

அவதூறு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எழுதியவர் பயந்திருப்பார். நம் சட்டத்தில் கிரிமினல் அவதூறுக்கு உண்மை என்பது மட்டும் போதாது, பொது நலனுக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற ஒருவர் வன்முறை செய்தாரா என்பதில் பொது நலன் இல்லை என்று வாதாடுவது கஷ்டம். பிந்திச் சொல்வதும் குற்றமில்லை. முன்னாள் மத்திய இணையமைச்சர் எம்.ஜே. அக்பர், பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் போட்ட அவதூறு வழக்கில், பல பத்து வருடம் கழித்தும், தான் விரும்பும் எந்த இடத்திலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் சொல்லி ரமணியை விடுவித்தது. அக்பர் புகாரை மறுத்தவர், சம்பவ காலத்தில் வாலிபரும் இல்லை. வருடம் ஓடிவிட்டது என்பது வாயை மூடக் காரணம் ஆகாது என்பதற்காக இங்கே எடுத்தேன்.

மறுபக்கமும் உண்டு. ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, பெயர் இல்லாமல், வாட்ஸ்அப்பில், மங்கலான ஒரு போட்டோவோடு வருகிற "இளமைக் கால லீலைகள்" வகையறாவை அப்படியே அழித்துவிடுங்கள். வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ எதிராளியின் சொந்த நடத்தையைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே பரப்பினால் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆவது பிரிவின் கீழ் தேர்தல் முறைகேடு, ஜெயித்த தேர்தலே ரத்தாகும். உங்கள் விஷயத்தில் சொன்னவருக்குப் பெயர் இருக்கிறது, அதே விடுதியில் இருந்த இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், வேட்பாளரும் நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை, சின்னப் பையன் என்று மட்டும் சொல்ல வைக்கிறார். எனக்கு இது போதும்.

வரப்போகிற தலைமுறைக்கு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும் என்று நினைக்கிறேன். 2022 சென்னை மாநகராட்சித் தேர்தலில் 21 வயதுப் பெண் ஒருவர் கவுன்சிலராக வந்தார், மேயர் பிரியாவுக்கு அப்போது 28. இந்த வயதுக்காரர்கள் ஒன்பதாம் வகுப்பில் எழுதியது வரை எங்கேயோ ஒரு சர்வரில் கிடக்கும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 2013இல் இளைஞர்களுக்கான போலீஸ் பிரதிநிதியாக நியமித்த 17 வயதுப் பெண்ணை, அவள் 14 முதல் 16 வயது வரை போட்ட ட்வீட்களைத் தோண்டியெடுத்து ஒரு வாரத்தில் ராஜினாமா செய்ய வைத்தார்கள். இரண்டே வருடம் கழித்து ஸ்காட்லாந்தில் மெய்ரி பிளாக், 20 வயது, குடித்துவிட்டுப் போட்டது, கணக்குப் பாடத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டியது என்று பழைய ட்வீட்கள் எல்லாம் அம்பலமாகியும் எம்.பி. ஆனார், அதுவும் முன்னாள் அமைச்சர் ஒருவரைத் தோற்கடித்து. 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், குழந்தைத்தனமாகச் செய்த தவறுகளின் பலனை வாழ்நாள் முழுக்க ஒருவர் சுமக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். உளறலை மறந்துவிடலாம். அடுத்தவன் மேல் கை வைத்ததை, அவன் மறந்த பிறகு நாம் மறக்கலாம்.

சாதி வெறியில் எழுதியது, பேசியது? அதை நான் உளறல் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது 2008 நவம்பரில் பாரிமுனை சட்டக் கல்லூரி வாசலில் கட்டையாகவும் கத்தியாகவும் மாறி, போலீஸ் நின்று வேடிக்கை பார்த்ததை நேரில் அறிந்த ஊர் இது. அப்படிப் பேசியவர் பிறகு எந்த மேடையில் யார் பக்கம் நின்றார் என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும், அவரிடம் கேட்க வேண்டியதே இல்லை.

இனி உங்கள் தொகுதி. நில அபகரிப்பு வழக்கு நிலுவையில் உள்ளவரையும் இவரையும் தட்டில் வைத்தால், மற்றதெல்லாம் சமம் என்றால், எனக்கு முதலில் உறுத்துவது நிலம்தான். அது நடுத்தர வயதில், தெளிந்த புத்தியோடு, லாபம் பார்த்துச் செய்ததாகச் சொல்லப்படுவது, ஜெயித்தால் அதே வேலைக்கு வசதியும் கூடும். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்று அவருடைய படிவம் 26லேயே இருக்கும், தேர்தல் ஆணையத் தளத்தில் பெயரைப் போட்டால் வந்துவிடும். இப்படி வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே பத்திரிகையில் காரணம் போட வேண்டும் என்பது 2020 பிப்ரவரி உச்ச நீதிமன்ற உத்தரவு, "ஜெயிக்கக்கூடியவர்" என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. தேடிப் படித்துப் பாருங்கள், பொழுது நன்றாகப் போகும். அவர் எந்த வழக்கையாவது எழுதாமல் விட்டிருந்தால் அதைச் சும்மா விடாதீர்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் ஒருவர் வழக்கு விவரங்களை மறைத்ததற்காக அவருடைய வெற்றி செல்லாது என்பதை 2015இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

ராகிங்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பிரச்சாரத்துக்கு உங்கள் தெருவுக்கு வருவார் அல்லவா, ஆரத்தி எடுக்கிற இடைவெளியில் கேட்டால் போதும்: "அண்ணே, அந்தத் தம்பிகிட்டப் பேசினீங்களா?" பேசினேன், அவன் மன்னிக்கவில்லை என்றாலும் பேசினேன் என்றால் நான் இவருக்குப் போட்டுவிடுவேன். "எந்தத் தம்பி?" என்று கேட்டால் போட மாட்டேன். கேட்ட உங்களைப் பக்கத்தில் நிற்பவர்கள் எப்படி முறைக்கிறார்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், தனியாகக் கேட்க வேண்டாம், இரண்டு பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டா 2013இல் வந்தது. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் சட்டமன்றத்துக்குப் போவார், இந்த இருவரில் ஒருவர். அந்த இருவரைத் தவிர இன்னும் பத்துப் பதினைந்து பேர் பட்டியலில் இருப்பார்களே, அவர்களுடைய அஃபிடவிட்டை ஒருதரம் புரட்டினீர்களா?